அறுபத்தேழு சென்டிமீட்டர்

கடையில் நூற்று நாற்பது யூரோ சொன்னார்கள்.
ஒரு மீட்டர் சட்டம், கறுப்புப் பூச்சு,
இரண்டு திருகு, ஒரு பெயர்ப்பட்டை.
பெயரைச் சுரண்டிவிட்டால் எவ்வளவு என்றேன்.
கடைக்காரர் சிரிக்கவில்லை.

ஆகவே
திரைச்சீலைக் கடையின் பின்கதவில்
மிச்சமாய்ச் சாய்ந்திருந்த அலுமினியச் சதுரக் குழாய்,
எட்டில் மூன்று அங்குல போல்ட்டு இரண்டு, நட்டு நான்கு,
போஷ்ட்யானிடம் இரவல் வாங்கிய துளைப்பான்
(அவனுக்கு ஒரு புட்டி பேரிக்காய்ச் சாராயம் பாக்கி).
சாராயத்தைச் சேர்க்காமல் பதினொரு யூரோ.
சமையலறை மேசையில் வைத்துத் துளையிட்டேன்.
சீவல்கள் வெண்ணெயில் போய் விழுந்தன.
காலையில் ரொட்டியைக் கடித்தபோது
பல்லில் ஒரு சின்ன மின்னல்.

முதலில் தொய்ந்தது.
இரு முனையிலும் மைக்கை மாட்டியதும்
ஓரங்கள் கவிழ்ந்து
சம்பள உயர்வு கேட்டுத் திரும்பியவன் தோள் மாதிரி நின்றது.
குழாய்க்குள் துடைப்பக் கட்டையைச் செருகினேன்.
நிமிர்ந்துகொண்டது.
தாங்கி சாயாமலிருக்க அதன் மூன்று கால்களிலும்
ஆற்றுக் கூழாங்கல் நிரப்பிய காலுறைகள்,
ஜோடியைத் தொலைத்தவை.
அவற்றுக்கு என் வீட்டில் பஞ்சமில்லை.

இதையும் சொல்லிவிடுகிறேன்:
எனக்கு இடது காது கேட்காது.
ஆறு வயதில் பொன்னுக்கு வீங்கி.
வீக்கம் வடிந்தபோது
அந்தப் பக்கத்து உலகத்தையும் கையோடு கூட்டிப் போயிற்று.
அகலம் என்பது எனக்கு
ஸ்கேலில் மட்டும் தெரிகிற சங்கதி.
மற்றவர்கள் கண்ணை மூடி
அதோ டிரம்பெட், இதோ கிளாரினெட் என்று கை நீட்டும்போது
எனக்கு எல்லோரும்
ஒரே சாவித்துளை வழியாகத்தான் வருகிறார்கள்,
முட்டி மோதிக்கொண்டு.

வியாழக்கிழமை ஒத்திகை.
இத்ரியாவின் தீயணைப்பு நிலையத்து மாடி,
முப்பத்தொரு பேர், ஈரமான கோட்டுகளின் வாடை.
சட்டத்தின் முழு நீளத்துக்கும் மைக்குகளைத் தள்ளி வைத்தேன்.
அகலம் கூடினால் இசையும் பெரிதாகும் என்று நினைப்பு.
ஒரு பாட்டு முடிந்ததும்
யெரிட்சாவிடம் ஹெட்போனைக் கொடுத்தேன்.
பஸூன் வாசிப்பவள். குழுவின் நட்டநடுவில் உட்காருபவள்.

அவள் கண்களைப் பார்த்தேன், என் அளவுகோல் அவைதான்.
கருவிழிகள் இடப்பக்கம் போயின.
வலப்பக்கம் போயின.
நடுவுக்கு வந்ததும்
இருட்டில் இல்லாத கடைசிப் படியை மிதித்தாற்போலத்
தடுக்கின.

"நான் எங்கே?" என்றாள்.

நடுவில் ஓட்டை.
ஆளுக்கொரு பக்கத்தை அள்ளிக்கொண்ட மைக்குகள்
இடையில் இருந்தவளைக் கைவிட்டிருந்தன.
விவாகரத்தில் பிள்ளைகளைப் பங்கிட்டவர்கள்
நாயை மறந்த மாதிரி.

எண்பதுக்குக் குறைத்தேன். மறுபடி வாசித்தார்கள்.
"பல் விழுந்த இடத்துக்கு நாக்கு போகிறது" என்றாள்.
எழுபது. நடத்துனர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.
டிரம்பெட்காரர்கள் உதட்டைத் தேய்த்துக்கொண்டார்கள்.
இன்னும் மூன்று, என்றேன், இன்னும் மூன்றே சென்டிமீட்டர்.

இந்த முறை அவள் விழிகள்
ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்குத் தடங்கலில்லாமல் நடந்தன.
வழியில் ஓரிடத்தில் மட்டும் நின்றன,
கடைக் கண்ணாடியில் தன்னை எதிர்பாராமல் பார்த்தவள்போலக்
கொஞ்சம் வெட்கத்தோடு.

அங்கே ஆணியால் ஒரு கோடு கீறினேன்.

வீட்டில், எல்லா விளக்கையும் அணைத்துவிட்டு,
நானும் கேட்டேன்.
வலது காதில் வலது மைக்: டிரம்பெட்டுகள்,
பின்னால் எங்கோ, கதவுக்கு அப்பால் மற்றவர்கள்.
பிறகு ஹெட்போனைத் திருப்பி மாட்டினேன்.
இப்போது அதே காதில் இடது மைக்.
கிளாரினெட்டுகள் கிட்டே வந்தன,
டிரம்பெட்டுகள் கதவுக்கு அப்பால் போயின.

இரண்டு தடவையும்
அதே தூரத்தில் இருந்தவள்
அவள் ஒருத்திதான்.

திருப்பித் திருப்பி மாட்டிக்கொண்டிருந்தேன்
மணி இரண்டாகும் வரை.

நாளைக்குத் துடைப்பத்துக்கு ஒரு கட்டை வாங்க வேண்டும்.