எண்பத்து மூன்று மீட்டர்

தையல் டேப்பால்தான் அளந்தேன்.
கம்பிவேலியின் தென்கிழக்குத் தூணிலிருந்து
என் வாசற்படி வரை
ஐம்பத்து நாலு டேப், மூணு சாண்.
எதிர்வீட்டுப் பையன் போனில் கணக்குத் தட்டி
எண்பத்து மூன்று மீட்டர் என்றான்.

நூறுக்குள் ஒரு செங்கல் வைக்கக்கூடாது.
நீலப் பலகையில் துரு தின்றது போக
மிஞ்சிய வரியில் அப்படித்தான் இருக்கிறது.

மாடியில் ஓர் அறை. மகனுக்குக் கல்யாணம்.
மூன்று முறை விண்ணப்பித்தேன்.
மூன்று முறையும் அதே கடிதம்,
தேதி மட்டும் வேறு.

என்னிடம் பட்டா இருக்கிறது, சிட்டா இருக்கிறது,
சொத்துவரி ரசீதுகள் வருஷவாரியாக
ரப்பர் பேண்டுக்குள் இருக்கின்றன.
அங்கே படுத்திருப்பவரிடம் என்ன இருக்கிறது?
ஒரு வட்டம் கருங்கல்,
இரண்டாயிரத்து ஐந்நூறு வருஷ அனுபோகம்.

படுத்திருப்பவர் என்பதும் ஒரு பேச்சுக்குத்தான்.
எலும்பு சோதனைக்குப் போனது, திரும்பவில்லை.
சுடுமண் பேழையை வைக்கோல் சுற்றி
லாரியில் எழும்பூருக்குக் கொண்டு போனார்கள்.
பார்க்க வருகிறவர்களுக்காக
அதே அச்சில் ஃபைபரில் ஒன்று செய்து இறக்கி
மேலே தடித்த கண்ணாடி போட்டார்கள்.
அசல் என்று மிச்சம் இருப்பது
பள்ளம்தான்.

பேழைக்கு இரண்டு வரிசைக் கால்கள், வரிசைக்கு ஆறு.
நீளம் நாலரை அடி.
அளவு சொன்னால் எனக்கு ஆள் தெரிந்துவிடும்.
பன்னிரண்டு வயசுப் பிள்ளையாக இருக்கலாம்.
அல்லது பெரிய உடம்பு,
எலும்பைப் பொறுக்கி மடித்து வைத்திருக்கிறார்கள்,
பீரோவில் பட்டுச்சேலை வைப்பதுபோல.

ஞாயிற்றுக்கிழமை கும்பல் வரும்.
கண்ணாடிமேல் குனிந்து
தங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள்.
மீனம்பாக்கம் விமானம் தலையை உரசிப் போகும்,
எல்லோரும் ஒன்றாக அண்ணாந்து
மறுபடி குனிவார்கள்.
காவல்காரர் கன்னியப்பன்
பந்து பொறுக்க வேலி தாண்டும் பையன்களைத் துரத்துவார்,
துரத்திவிட்டுப் பந்தை அவரே எறிந்து கொடுப்பார்.

கார்த்திகையில் இரண்டாம் நாள் மழை.
பல்லாவரம் மலையின் தண்ணீர் மொத்தமும்
எங்கள் தெருவழியாகத்தான் ஏரியைத் தேடும்.
கரண்டு இல்லை.
மிஷினைத் தூக்கிக் கட்டில்மேல் வைத்துவிட்டு
நின்றபோது கேட்டது:
டொக். டொக்.
கொஞ்சம் இடைவெளி விட்டு, டொக்.

போய்ப் பார்த்தால்
கன்னியப்பன் குடையை மடக்கிக்கொண்டு நனைகிறார்.
டார்ச் வெளிச்சத்தில்
பேழை மிதக்கிறது.
பள்ளம் நிறைந்து மேலே வந்து
உள்ளிருந்து கண்ணாடியைத் தட்டுகிறது.

"கண்ணாடி போச்சுன்னா என் வேலையும் போச்சுக்கா" என்றார்.
எட்டாயிரத்து ஐந்நூறு சம்பளம், அதுவும் ஒப்பந்தம்.

என் வீட்டுக்குள் கணுக்கால் தண்ணீர்.
என்னிடம் இருந்தது ஒரே வாளி.
இரண்டு மணி வரை
அந்தப் பள்ளத்திலிருந்துதான் இறைத்தேன்.
ஏன் என்று கேட்காதீர்கள்,
எனக்கும் கோபம்தான்.
இறைக்க இறைக்க ஊறியது.
கடைசியில் வீட்டுக்கு ஓடி
என் பழைய கரி இஸ்திரிப் பெட்டியை,
இரும்பு, ஏழு கிலோ,
இடுப்பில் வைத்துத் தூக்கி வந்தேன்.
பக்கத்துக் கதவைத் திறந்து மூடியை நகர்த்தி
உள்ளே வைத்தோம்.
கொஞ்சம் யோசித்து,
பிறகு இறங்கியது.

தை மாதம் ஒரு பள்ளிக்கூட வண்டி வந்தது.
சிவப்பு ரிப்பன் கட்டிய ஒருத்தி கேட்டாள்,
மூடி போட்டிருக்கே, உள்ளே என்ன?
கன்னியப்பன் என்னைப் பார்த்தார்.
நான் கொடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன்.
பலகையில் எழுதியிருப்பதை
அவர் உரக்கப் படித்தார்:
"இறந்தவரோடு இரும்புப் பொருள்களும் வைக்கப்பட்டன."

நாலாவது விண்ணப்பம் எழுதிக்கொண்டிருக்கிறேன்.
ஈமச்சின்னத்திலிருந்து தூரம்:
எண்பத்து மூன்று மீட்டர்.
தடைசெய்த பகுதிக்குள்
இதற்குமுன் ஏதேனும் வைத்ததுண்டா?
இல்லை என்று எழுதினேன்.
செங்கல் வைக்கவில்லையே.