சாட்சி இலக்கம் நான்கு

அடித்தது நீர்தானா என்று கேட்டார்.
நான்தான் என்றேன்.
எழுபத்தோராம் நிமிடம்,
முழங்காவில் மைதானம், வடக்குக் கோல்.
அவன் இடது காலில் பந்து.
என் வலது காலில்
மூன்று மாதத் தவணைக்கு வாங்கிய புது பூட்ஸ்.

சத்தம் கேட்டதா?
கேட்டது, ஐயா. பச்சைப் பூவரசங்கொப்பு முறிகிற மாதிரி.
நாச்சிக்குடாப் பெடியள் எனக்கு அடிக்க ஓடிவர
எமில்ராஜ் நிலத்தில் கிடந்தபடியே
"விடுங்கோடா, பந்துக்குத்தான் வந்தவன்" என்றான்.
அதை எழுதுகிறாரா என்று எழுதுவினைஞரைப் பார்த்தேன்.
எழுதவில்லை. கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லட்டாம்.

பிறகு கிளிநொச்சியில் ஒரு தனியார் வைத்தியசாலை.
தொடையிலிருந்து பாதம் வரை பிளாஸ்டர்.
இரவு ஹோர்லிக்ஸ் போத்தலோடு போனேன்,
மன்னிப்புக் கேட்க.
அவன் அதைக் காதில் எடுக்கவில்லை.
"இறுக்குது மச்சான். விரல் விறைக்குது."
தாதியிடம் சொன்னேன்.
வீக்கம் வத்தினால் சரியாகும் என்றா.
ஞாயிறு, பெருவிரல் நாவற்பழம்.
டொக்டர் செவ்வாய்தான் வருவார்.
குறிப்பேட்டில் மூன்று நாளும்
ஒரே பேனை, ஒரே சாய்வெழுத்து:
நோயாளி நலம்.

புதன்கிழமை யாழ்ப்பாணத்தில்
முழங்காலோடு எடுத்தார்கள்.

எதிராளியின் சட்டத்தரணி
எக்ஸ்ரேயை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார்.
கணுக்காலுக்கு மேலே மூன்று வெள்ளைப் புள்ளி.
நாலு வயதில், மாத்தளனில் ஏறிய ஷெல் துண்டுகள்.
"ஏற்கெனவே பழுதான கால்தானே?"

மன்றில் ஒருவரும் இருமவில்லை.
பின்வாங்கில் இருந்தவர்களில் பாதிப்பேரைப்
படம் பிடித்தால்
எங்கேயாவது ஒரு வெள்ளைப் புள்ளி தெரியும்.

பழுதான காலா?
அந்த வருசம் அந்தக் காலால் பதினாறு கோல், ஐயா.
இரண்டு எங்களுக்கு.

நீதிபதி குனிந்து எதையோ எழுதினார்.
வழக்கு ஆவணி பதினெட்டுக்குத் தவணை போனது.
என் பூட்ஸுக்கான தவணை எப்போதோ கட்டி முடிந்தது.
அதைப் பிறகு நான் போடவில்லை.

பூநகரி பஸ்ஸில் சனம்.
ஊன்றுகோலைக் கண்டதும் ஒரு மனுசி எழும்பினா.
"இருங்கோ தம்பி. எங்க காயப்பட்டனீங்கள்,
முள்ளிவாய்க்காலிலயோ?"

"முழங்காவிலில, அக்கா.
பெனால்டிக் கோட்டுக்கு ஒரு அடி வெளியில."

அவ விளங்காமல் தலையாட்டினா.
இரண்டு ரிக்கற்றுக்கும் நான் காசை நீட்டினேன்.
இந்தமுறை அவன் தடுக்கவில்லை.