கெட்டி

வண்ணார்பேட்டை ஆயில் கடையில்
இசக்கித்துரை ஐந்து டபிள்யூ முப்பதை எடுத்து நீட்டினான்.
"சிந்தெடிக்குக்கா, தண்ணி கணக்கா ஓடும்லா."
டபிள்யூ என்றால் என்ன என்று கேட்டேன்.
டின்னைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு
குளிர்காலம் என்றான்.

யாருக்குக் குளிர்காலம்?
மார்கழி விடியலிலும்
ஃபேனை இரண்டில் வைத்துத் தூங்குகிற ஊரில்.

என்னுடையது தொண்ணூற்றேழு மாடல் மாருதி.
கையேடு தொலைந்துவிட்டது,
முதல் சொந்தக்காரரும்.
கிலோமீட்டர் முள் எண்பத்தாறாயிரத்தில் நின்றுபோய்
எத்தனை வருடமோ.
மிதித்தால், பின்னால் வருகிற பைக்குகள்
நீலப் புகைக்குள் இருமிக்கொண்டு முந்துகின்றன.

மேலப்பாளையத்தில் மசூது பாய்
அளவுகோலை உருவி
ஒரு சொட்டை விரலிடுக்கில் வைத்துப் பார்த்தார்.
விரல்கள் ஒட்டிப் பிரிந்தன, ஒட்டிப் பிரிந்தன.
"தேஞ்ச எஞ்சினும்மா. உள்ள இடைவெளி விழுந்துட்டு.
மெலிசா ஊத்துனா அதுபாட்டுக்கு வழிஞ்சு போயிரும்.
இருபது டபிள்யூ ஐம்பது வாங்கிட்டு வாங்க.
நம்ம வெயிலுக்கு முன் நம்பரு எதுக்கு?
பின் நம்பரைப் பாருங்க.
சூட்டுல எது நிக்கோ அதுதான் ஆயிலு."

அவரிடம் சொல்லவில்லை,
என் நெஞ்சிலும் ஒரு உலோக வால்வு.
ரத்தம் கெட்டியானால் அதில் கட்டிக்கொள்ளும் என்று
ராத்திரிக்கு ஒரு மாத்திரை.
ஊர் ஊராகப் போய் ரத்தம் எடுப்பது என் வேலை;
என் கையில் எடுக்க மட்டும்
லேபில் ஜெபக்கனி வேண்டும்.
இரண்டரைக்கும் மூன்றரைக்கும் நடுவில் நிற்கணும்.
கூடினால் பல் தேய்க்கும்போது
வாஷ்பேசின் சிவக்கும்.

எனக்கு நீர்க்க.
அதற்குக் கெட்டியாக.
மூன்று லிட்டர் வாங்கினேன்.

காலை நாலரை.
சாவியைத் திருப்பியதும் மூடிக்குள்ளே
டக் டக் டக்.
கெட்டி ஆயில் மேலேறக் கொஞ்சம் நேரமாகும்,
உடனே விரட்டாதீங்க என்று சொல்லியிருந்தார்.
கியர் போடாமல் உட்கார்ந்திருந்தேன்.
தெருவில் வேறு சத்தம் இல்லை.
எது அது, எது நான் என்று
கொஞ்ச நேரம் பிடிபடவில்லை.

பிறகு அதனுடையது அடங்கியது.
என்னுடையது
அடங்கக் கூடாது.

முக்கூடலில் பதினோரு பேர்.
ஒரு பீடிக்காரம்மாவுக்கு
நரம்பே அகப்படவில்லை, மூன்றாம் குத்தில்தான் வந்தது.
குழாய்களை ஐஸ் பெட்டியில் அடுக்கித் திரும்பும்போது
பதினொரு மணி வெயில்.
சுத்தமல்லி விலக்கில் பஸ்ஸுக்காக நின்றேன்.
நிற்கும்போதெல்லாம் கண்சிமிட்டுகிற சிவப்பு விளக்கு
இன்றைக்கு சும்மா இருந்தது.
பல்பு போயிருக்குமோ என்று
சாவியை அணைத்துப் போட்டுப் பார்த்தேன்.
எரிகிறது.

வீட்டில் வண்டிக்கு அடியில்
மிக்ஸி வந்த அட்டையைப் பிரித்து விரித்திருக்கிறேன்.
நேற்று ஏழு பொட்டு, பேனாவால் வட்டம் போட்டு வைத்தது.
இன்றைக்கு வட்டம் இல்லாமல் நான்கு.
அதில் ஒன்று
நேற்றே விழுந்து, நான் பார்க்காததாகவும் இருக்கலாம்.