சரக்கு வாசல்

விமான நிலையத்துக்கு இரண்டு வாசல்.
மாலையோடு வருகிறவர்களும் மூக்கைச் சிந்துகிறவர்களும் ஒன்றில்.
நான் மற்றதில்.

பதினாலு வருஷமாக, ராத்திரி ஒன்பதரைக்கு
காசிமேட்டில் குட்டி யானையைக் கிளப்பி,
கல்மண்டபம் தாண்டி,
துறைமுகத்துக்குள் நுழைய நாள்கணக்கில் நிற்கும்
கண்டெய்னர்களின் வாலைச் சுற்றிக்கொண்டு,
கப்பலில் வந்தவன் கட்டிய கோட்டையைச்
சோத்தாங்கைப் பக்கம் விட்டு,
மவுண்ட் ரோடு நெடுகச் சிவப்பு விளக்குகளைத் திட்டிக்கொண்டே
மீனம்பாக்கம் போகிறேன்.
"பேருல மீன் கீது, கடலத்தான் காணோம்" என்பான்
கிளீனர் தேசிங்கு.
தினமும் சொல்வான்.

பின்னால் நாற்பது பெட்டி.
பெட்டிக்குப் பன்னிரண்டு களி நண்டு.
பழவேற்காட்டுச் சேறு கழுவி,
கொடுக்கை மடக்கிக் கட்டி,
ஈரச் சாக்கு போர்த்தியவை.
எல்லாம் சிங்கப்பூருக்கு.
எனக்குப் பாஸ்போர்ட் இல்லை.
நண்டுக்கும் இல்லைதான்,
அதை யாரும் கேட்பதில்லை.

பெட்டிமேல் ஒரு சீட்டு ஒட்டுவார்கள்: எம் ஏ ஏ.
மதராஸில் மிச்சமிருக்கிற மூன்றெழுத்து.
ஊருக்குப் பேர் மாற்றி எத்தனையோ வருஷம்,
ஆகாயத்துக்கு மட்டும் யாரும் போய்ச் சொல்லவில்லை.

அன்றைக்குப் புயல்.
எடைமேடைக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்,
மறுபடி மாட்டினார்,
"பிளைட்டு ரத்துப்பா. எடுத்துக்கினு போ."
மேனேஜர் போனில் கத்தினார்:
"காலைல வரைக்கும்தான் தாங்கும், எவனாச்சும் கேட்டா குடு—"
அதோடு போன் செத்தது.

எவன் கேட்பான்?
விழுந்த மரங்களை எண்ணிக்கொண்டு வந்தோம்,
பதினேழில் விட்டுவிட்டோம்.
நாலு மணிக்கு ஜீவரத்தினம் நகரில்
கரண்ட் இல்லை, பால் இல்லை,
கடல் மட்டும் இருந்தது, தேவைக்கு மேலே.
முதல் பெட்டியை உடைத்ததும்
தெரு முழுக்கப் பாத்திரத்தோடு வந்தது.

செல்போன் வெளிச்சத்தில் ஜெசிந்தா
ஒரு நண்டைத் தூக்கிப் பார்த்தாள்.
"இது என் முடிச்சு."
எல்லாம் ஒண்ணுதானே என்றேன்.
"மத்ததுங்க சோத்தாங்கைப் பக்கம் சுத்தும்.
நான் பீச்சாங்கை."

பதினோரு வருஷம், நாளுக்கு முந்நூறு நண்டு.
கட்டியது எதுவும் திரும்பி வந்ததில்லை.
அவிழ்க்க உட்கார்ந்தாள்.
விரல் எங்கே தொடங்குவதென்று தெரியாமல்
நூலின் மேல் நடந்தது, நின்றது.
"அங்க யாருடா இத அவுப்பாங்க?"
"அவுக்க மாட்டாங்கக்கா, அறுப்பாங்க"
என்றான் தேசிங்கு, கத்தியை நீட்டி.
அவள் வாங்கவில்லை.
பல்லால் கடித்து, நகத்தால் நெம்பி,
கரி அடுப்பில் உலை இரண்டு தரம் பொங்கி அடங்கும்வரை
ஒரே நண்டோடு உட்கார்ந்திருந்தாள்.
நூல் விட்டதும்
மரத்துப்போன கையை உதறுகிறவன் போல
மெதுவாகக் கொடுக்கை விரித்தது அது.
அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.
பிறகு குழம்பில் போட்டாள்.
அது வேறு விஷயம்.

கிழித்துப்போட்ட சீட்டை அவள் மகன் எழுத்துக்கூட்டினான்:
"எம்… ஏ… ஏ… மா.
யாரம்மா கூப்புடுது?"
வாய் நிறைய நண்டு. ஒருவரும் பதில் சொல்லவில்லை.

கம்பெனி ஒருவழி வாடகைதான் கொடுத்தது.
திரும்பி வந்ததற்குக் கணக்குநோட்டில் கட்டம் இல்லையாம்.

மூன்றாம் நாள் ஓடுபாதை திறந்தது.
ஒன்பதரைக்குப் பெட்டி ஏற்றும்போது
ஒன்றில் மூடி சரியில்லை, திறந்து பார்த்தேன்.
பீச்சாங்கை முடிச்சுதான்.
ஆனால் இந்தத் தடவை உருவாஞ்சுருக்கு,
ஒரு நுனி கொஞ்சம் நீளமாய் வெளியே விட்டிருந்தது.
இழுத்தால் போதும், கழன்றுவிடும்.
யார் இழுப்பார்கள் என்று
அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

மூடியை அழுத்தி டேப் ஒட்டினேன்.

கிண்டி சிக்னலில் வண்டி நின்றபோது
பின்னால் ஏதோ நகர்கிற சத்தம்.
தேசிங்கு திரும்பிப் பார்த்தான்.
பச்சை விழுந்துவிட்டது.