கால் திருகு

சாக்கைக் கொக்கியில் மாட்டியதும்
தராசு கண்ணை மூடிக்கொள்கிறது.
மறுபடி விழிக்கும்போது
தொங்குகிற சாக்கையும் தன் உடம்பாக நினைத்து
சைபர் என்கிறது.
கணக்கப்பிள்ளை ஞானப்பிரகாசம்
சாக்கைக் கையால் ஒருமுறை எடுத்துப் பார்த்து
பதினாறு என்று எழுதுகிறார்.
தண்ணிக்கு இரண்டு கழித்து, பதினாலு.

சாக்கை இறக்கினால் சின்னக் கோடு போட்டு
கழித்தல் பதினெட்டு புள்ளி நாலு காட்டுகிறது.
அந்தக் கோட்டை
மடுவத்தில் இதுவரை யாரும் வாசிக்கவில்லை.

"பெட்டரியில பிழையில்ல, நானே அளந்து பாத்தேன்."
நானும் அளந்தேன். பதின்மூன்று வோல்ட்,
கொஞ்சம் மேலேயே.
சும்மா கிடக்கையில் எல்லாம் சரியாகத்தான் இருக்கும்.
பவளராணியின் சாக்கை மாட்டச் சொல்லிவிட்டு
மீட்டரின் இரண்டு முள்ளையும் அழுத்திப் பிடித்தபடி நின்றேன்.
சாக்கு ஆடியது, தூண் ஆடியது,
தூணில் அறைந்த பெட்டி ஆடியது.
பதின்மூன்று.
ஏழு.
ஒன்றுமில்லை.
பதின்மூன்று.

திறக்குமுன் வளையலைக் கழற்றி மடியில் கட்டினேன்.
தாலிக்கொடியைச் சட்டைக்குள் தள்ளி ஊசி குத்தினேன்.
ஸ்பேனரின் கைப்பிடி முழுக்க டேப்.
எதிர்முனைக்கும் நேர்முனைக்கும் குறுக்கே விழுவது
தங்கமா இரும்பா என்று செல் விசாரிக்காது.

மூன்றாவது செல்.
அலுமினிய முகத்தில் சாம்பல் பூத்திருந்தது.
பனி குடித்த செம்புத் தகட்டின் ஓரம் பச்சை.
நட்டைத் தொட்டேன்.
சுழன்றது,
விரலுக்கே.

மாசியில் இந்தப் பெட்டியைக் கட்டியது நான்.
ஹட்டனில், இம்தியாஸ் கடைப் பின்கட்டில்,
டவரிலிருந்து கழித்துப் போட்ட செல்களில்
நல்லதாக நாலைப் பொறுக்கி.
எட்டு நட்டு.
ஏழுக்கு ஸ்பிரிங் வாசர் இருக்கிறது.
எட்டாவதை விரலால் ஓட்டி வைத்துவிட்டு
வாசர் எடுக்கத் திரும்பியபோது
கடைசி பஸ் ஹார்ன் அடித்தது.
ஹார்ன் நன்றாக ஞாபகம் இருக்கிறது.

பனிமேல் பழியைப் போடலாம்.
கணக்கப்பிள்ளை அதைத்தான் எதிர்பார்த்து நின்றார்.
"நான்தான் முறுக்கல" என்றேன்.
வரிசையில் பின்னாலிருந்து சிவனேஸ்வரி கேட்டாள்:
"மாசியிலருந்தா?"
மழை தகரத்தில் விழுந்துகொண்டிருந்தது.
இது வைகாசி.

எமரித் தாளால் வெள்ளி தெரியும்வரை தேய்த்தேன்.
அலுமினியம் தேய்த்த நொடியே தோல் கட்டத் தொடங்கும்,
அதனால் அதற்குமேல் யாரோடும் பேசவில்லை.
துடைத்து, கிரீஸ் ஒரு நகப் பூச்சு,
தகடு, வாசர், ஸ்பிரிங் வாசர், நட்டு.
ஈயம் வைத்து ஒட்டிவிடலாமே என்றார் யாரோ;
சூட்டில் செல் உள்ளே வெந்துபோகும்.
வாசர் நசுங்கிப் படியும்வரை முறுக்கி
அதற்குமேல் ஒரு கால் திருகு.
அரைத் திருகு போனால் மரை வழுக்கும்,
அலுமினியம் அவ்வளவு பூஞ்சை.
இத்தனை நாள் இங்கே இல்லாமலிருந்தது
அந்தக் கால் திருகுதான்.

பவளராணி மறுபடி மாட்டினாள்.
பதினெட்டு புள்ளி நாலு.
தூணை நானே இரண்டு முறை உதைத்தேன்.
பதினெட்டு புள்ளி நாலு.
கணக்கப்பிள்ளை பதினெட்டு என்று எழுதினார்.
"புள்ளி நாலு?" என்றாள்.
பேனையைத் திரும்ப எடுத்து எழுதினார்.

சிவனேஸ்வரி பிஸ்கட் பெட்டி அட்டையைக் கிழித்து
நாளையும் கிலோவையும் பெருக்க ஆரம்பித்திருந்தாள்.
இருபத்திரண்டு பேர்.
கூட்டி முடிக்கவில்லை, பாதியில் என்னைப் பார்த்தாள்,
திரும்பவும் குனிந்தாள்.

யாரோ ஒரு பெண்ணிடம் சிவப்பு கியூடெக்ஸ் வாங்கி
நட்டிலிருந்து தகடுவரை ஒரு கோடு இழுத்தேன்,
எட்டுக்கும்.
கோடு உடைந்தால் நட்டு அசைந்திருக்கிறது.
அதைப் படிக்க மீட்டர் வேண்டாம்.
மறுநாள் காலை
கொழுந்து நிறுக்குமுன் மூடியைத் திறந்து
குனிந்து பார்த்தார்களாம், ஒவ்வொருத்தியும்.
லேட்டாகுது என்று சத்தம் போட்டாராம் அவர்.

அன்று நான் பையைக் கட்டும்போது
சிவனேஸ்வரி அட்டையை மடித்து இடுப்பில் செருகினாள்.
"அந்த ஸ்பேனர வச்சிட்டுப் போ."
வைத்துவிட்டு வந்தேன்.