ரீஃபில்

கொருக்குப்பேட்டை லைனில் சிலிண்டர் போடுகிறவன் நான்.
எந்த வீட்டில் எத்தனை நாள் வருமென்று
படியேறும்போதே சொல்லிவிடுவேன்.

மீரான் பிரியாணிக் கடைக்கு நீலம், பத்தொன்பது கிலோ.
வெள்ளிக்கிழமை என்றால் மத்தியானம் தாண்டாது.
இரண்டாம் மாடி எபனேசருக்குச் சிவப்பு, பதினாலு.
ஒண்டி ஆள். சிம்மில் ஒரு டீ, ஒரு ரசம்.
எட்டு மாசம் ஓடும்.

நேற்று ராத்திரி
மணலிப் பக்கம் தீ நாக்கு அணைந்திருந்தது.
ரயில்வே கேட் மூடிக் கிடக்க
ட்ரைசைக்கிளில் சாய்ந்து மேலே பார்த்தேன்.
அங்கேயும் இதே கணக்குதான்.
(பி.எஸ்சி. பிசிக்ஸ், ஒரு அரியர் பாக்கி.)

பெரிய விண்மீனிடம் எரிக்க நிறைய உண்டு.
ஆனால் அதன் எடையே அதை நசுக்கும்.
நசுங்காமல் நிற்க
ஃபுல்லில் திருகி வைத்தாக வேண்டும்.
சில கோடி வருஷம், காலி.
சூரியனுக்கு ஆயிரம் கோடி;
அதுவும் நடுவில் இருப்பதைத் தின்றுவிட்டு
மிச்சத்தை இலையிலேயே வைத்துவிட்டு எழுந்துகொள்ளும்.
சிவப்புக் குள்ளன்
அடிவரை கிளறிக் கிளறி எரிக்கிறது.
லட்சம் கோடிகளில் ஆயுள்.

அந்த ஜாதியில் இன்னும் ஒன்றுகூட சாகவில்லையாம்,
ஒரு கண்ணீர் அஞ்சலி போஸ்டர்
ஒட்டப்படாத தெரு.

அதைத்தான் தேடிக்கொண்டிருந்தேன்.
வெறும் கண்ணுக்கு ஒன்றும் படவில்லை.
தெரிந்ததெல்லாம் ஃபுல்லில் எரிபவை.

கேட் தூக்கினார்கள். பின்னால் ஹாரன்.
மீரான் மூன்றாவது தடவையாகப் போன் அடிக்கிறார்.