மூணாம் வரிசையில சாகுறவன்

மகுடம் டில்லியில, கூத்து மதுரைத் தமுக்கத்துல,
சாகுறதுக்கு ஆளு மட்டும் எங்க ஊர்ல கேட்டாக.
எட்டணாக் கூலி. ஒரு வேளைச் சோறு.
நாப்பது பேரு நடந்தோம்.

கூத்துல நாங்க கள்ளரு.
கூத்துக்கு வெளியிலயும் அதேதான்.
அட்டையில வெட்டுன வளரி ஆளுக்கு ஒண்ணு,
பசை காயாம கையில ஒட்டுது.
நெசமான வளரி எங்கப்பன் பரணுல இருந்துச்சு.
கச்சேரிக்குப் போனது, திரும்பல.

மில்லு இஞ்சினீரு சம்சாரம், பிரம்பும் தொப்பியுமா,
ஒவ்வொருத்தனுக்கும் சாவு சொல்லிக்குடுத்தா.
"நீ மூணாம் வரிசை. வெடி கேட்டதும் பத்து எண்ணு."
கழுவன் பதினாலு எண்ணிட்டு விழுந்தான். திட்டு.
நான் பொத்துன்னு விழுந்தேன். அதுக்கும் திட்டு.
"நெஞ்சைப் புடி. மொழங்காலைப் போடு.
மானத்தைப் பாரு. அப்புறம் சாவு."
துபாசி அதைத் தமிழாக்குறதுக்குள்ள
மூணு தரம் செத்திருந்தேன்.
எங்க சித்தப்பன் செத்ததைப் பாத்தவன் நான்.
சோழவந்தான் கால்வாயில, குப்புற.
அவரு மானத்தைப் பாக்கல.

கார்த்திகைத் தூறல்.
தாலுகா ஆபீசு குமாஸ்தாதான் பாண்டிய ராசா.
காகிதக் கிரீடம் ஊறி, காதுல எறங்குது.
ஒரு கையால அதைத் தாங்கி, மறு கையால செங்கோலை நீட்டி
மண்டி போட்டாரு.
வண்டி மேல சூலம் புடிச்ச வெள்ளைக்காரி,
எந்த அம்மனோன்னு பொம்பளைக குலவை போட்டாக.

வண்டி மாடு ரெண்டுக்கும் பட்டு முக்காடு.
மூஞ்சி தெரியல, கொம்பு தெரிஞ்சுச்சு:
இடக்கொம்பு மடங்குன மயிலை.
போன ஆடியில துப்புக்கூலி வாங்கிட்டு
நானே அவுத்துவிட்ட மாடு.

வெடிச்சான். எண்ணினேன். செத்தேன்.
கண்ணைத் தொறந்தா
வண்டி பிச்சுக்கிட்டு சனத்துக்குள்ள போவுது,
முன்வரிசையில பூரா பள்ளிக்கூடத்துப் பிள்ளைக,
கையில கொடி, நகரத் தெரியாம.

எப்ப எந்திரிச்சேன்னு தெரியாது.
திமில் கைக்குள்ள இருந்துச்சு.
காதுல ஒரு சொல்லு சொன்னேன்,
அது எனக்கும் மாட்டுக்கும்.
நின்னுருச்சு.

சனம் கத்துன கத்து
ராசா படத்துக்குக் கூட கத்தல.
சேத்துல கெடந்த சூலத்தைத் தொடச்சுக் குடுத்தேன்.
அம்மன் ஏதோ சொன்னா. துபாசி பக்கத்துல இல்ல.
கூடாரத்துல பிரம்பு ஆடுது: போயிச் சாவு.

போயிப் படுத்தேன்.
"எங்கடா போயிட்டு வந்தே?"
கண்ணைத் தொறக்காமக் கேட்டான் கழுவன்.

சாயங்காலம் கட்டை விரலை மையில அமுக்கி
ஆறணா குடுத்தாக.
செத்தவன் எந்திரிச்சதுக்கு ரெண்டணா புடித்தம்.

மூணு வருசம் கழிச்சு
பத்து விரலும் கேட்டாக.
சட்டம்னான் ஏட்டு.
மை அதே வாடை.

இப்ப ராவானா கச்சேரித் தாவாரத்துல
ஊரு ஆம்பளைக வரிசையாப் படுக்கணும்.
லாந்தரோட வந்து எண்ணுறான்.
கழுவன் அந்தப் பக்கம், கொறட்டை.
அசையாமக் கெடக்க எனக்குத் தெரியும்,
படிச்சுக் குடுத்திருக்காக.

மேக்க எங்கயோ கழுத்துமணி.
ஓடுற மாட்டு மணி அது, மேயுற மாடு இல்ல.
லாந்தர் என்னைத் தாண்டிப் போயிருச்சு.
எட்டு, ஒம்போது...